நிறுத்தி நிறுத்திக் கேட்ட பாடம்: வகுப்பறையில் பாட்காஸ்ட்

வகுப்பில் பாட்காஸ்ட் (இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி) ஒலிக்கவிடுகிறேன் என்று சொன்னால், ஆசிரியர் அறையில் முதலில் வரும் கேள்வி இதுதான்: “அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?” கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும். யாரோ பேசிக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் சாய்ந்தபடி விடைத்தாள் திருத்துவேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், நானே பாடம் நடத்தும் நாளைவிட அன்றுதான் எனக்கு வேலை அதிகம். பாடவேளை முழுக்க ஒரு விரல் நிறுத்தும் பொத்தான் மேலேயே இருக்கும்.

நான் அறிவியல் ஆசிரியை. உயிரியல்தான் முதன்மைப் பாடம். சில ஆண்டுகளாகப் பாடத்தோடு பாட்காஸ்ட் துணுக்குகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். ‘துணுக்கு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். முழு எபிசோடை வகுப்பில் ஓடவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஒலிபரப்பு கேட்பது ஒன்றும் புதிதல்ல. பிபிசி 1924-லேயே பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால் வானொலி எந்த வகுப்புக்காகவும் காத்திருக்காது. நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மாணவி கை தூக்கினால், கையை இறக்கு என்று சைகை காட்டுவதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழியில்லை. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது. அதன் பிறகு அவை பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. அப்போது ஆசிரியருக்குக் கிடைத்த வசதி மூன்று: நிறுத்தலாம், திரும்பப் போடலாம், வேண்டாததைத் தாண்டலாம். இந்த மூன்றையும் தொடாமல் நாற்பது நிமிட எபிசோடை அப்படியே ஓடவிடுபவர், பழைய வானொலியைத்தான் புதுக் கருவியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, புத்தகம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, காணொளி இருக்கிறது. இதற்குமேல் பாட்காஸ்ட் எதற்கு? பாடநூல் முடிவுகளைச் சொல்லும். அந்த முடிவுக்கு வந்தவர் எங்கே தடுமாறினார், யாரோடு சண்டை போட்டார், எதை இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் இருக்கிறார் என்பதையெல்லாம் பக்கக் கணக்குப் பார்த்து வெட்டிவிடுவார்கள். நல்ல பாட்காஸ்ட்டில் ஓர் ஆய்வாளர் பேசும்போது அந்தத் தடுமாற்றம் குரலிலேயே கேட்கும். “அது வந்து... அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது” என்று அவர் இழுக்கும் இடத்தை அச்சில் பார்க்க முடியாது. என் மாணவர்கள் கேட்க வேண்டும் என்று நான் விரும்புவது அந்த இழுப்பைத்தான். விவரங்களுக்குப் பாடநூலே போதும்.

இதனாலேயே எல்லாப் பாடத்துக்கும் ஒலி பொருந்தாது. இதயத்தின் நான்கு அறைகளுக்குள் ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை எத்தனை இனிமையான குரலில் சொன்னாலும், படம் இல்லாவிட்டால் குழப்பமே மிஞ்சும். மின்சுற்று, வேதிச் சமன்பாடு, வடிவியல் நிரூபணம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் விளங்குவதைக் காதுக்குள் திணிப்பதில் பொருளில்லை. காரணமும் வரிசையும் உள்ள விஷயங்கள் வேறு. ஒரு கண்டுபிடிப்பு நடந்த விதம், ஒரு நோய் பரவிய விதம், ஒரு கொள்கை மாற எடுத்துக்கொண்ட காலம், ஒருவர் வாழ்ந்து பார்த்துச் சொல்லும் அனுபவம் என இவையெல்லாம் காதுக்கு ஏற்றவை.

ஒலிக்கு இன்னொரு குணமும் உண்டு. சொன்ன மறுகணமே அது போய்விடும். படிப்பவர் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் தன்னை அறியாமலேயே முந்தைய வரிக்குத் திரும்பிவிடுவார். கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. போன வாக்கியத்தை மனத்தில் பிடித்துக்கொண்டே அடுத்ததையும் வாங்கியாக வேண்டும். நம் செயல்நினைவில், அதாவது அந்த நேரத்துக்கு மட்டும் மனத்தில் பிடித்துவைக்கும் நினைவில், ஒரே நேரத்தில் தங்கக்கூடியவை மிகக் கொஞ்சம். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் முன்வைத்த ‘அறிதல் சுமை’க் கோட்பாடு இதைத்தான் மையமாகக் கொண்டது. நீளமான, செறிவான பேச்சை இடைவெளியில்லாமல் கேட்டால் பின்பாதி வந்து முன்பாதியைத் தள்ளிவிடும். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரை கூடத் தேவையில்லை, கடைசி பெஞ்ச்சைப் பார்த்தாலே போதும். ஐந்து நிமிடம் கடந்ததும் பேனா மூடிகளைக் கழற்றி மாட்டும் சத்தம் ஆரம்பமாகும்.

எனவே ஒரே மூச்சில் நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் நான் போடுவதில்லை. போடுவதற்கு முன் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கரும்பலகையில் இருக்கும். நிறுத்திய பிறகு பேச்சு. இதற்கு எங்கள் வகுப்பில் நடந்த காலரா பாடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

லண்டனின் சோஹோ பகுதியில் 1854 ஆகஸ்ட் கடைசியில் காலரா வெடித்தது. பிராட் தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள் அறுநூறுக்கும் மேல் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ, அந்தத் தெருவில் இருந்த கைப்பம்பின் தண்ணீர்தான் காரணம் என்று வாதாடினார். பொதுவாகப் பாடநூலில் இது நான்கு வரிதான் இருக்கும்: ஸ்னோ வரைபடம் வரைந்தார், பம்பைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்றவைத்தார், நோய் நின்றது. இந்த நான்கு வரியையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும். எதுவும் புரியாமலும் வாங்கிவிட முடியும்.

முதல் துணுக்கில் நோய் வெடித்த அந்தச் சில நாட்களின் விவரம் மட்டும் வரும். எந்தத் தெரு, எவ்வளவு வேகம், மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியது. ஸ்னோவின் பெயர் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். கரும்பலகையில் இருக்கும் கேள்வி: “நீங்கள் அங்கே அதிகாரி. முதலில் எங்கே போவீர்கள், யாரிடம் என்ன கேட்பீர்கள்?” மருத்துவமனைக்கு என்பார்கள், சாக்கடையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். “கிருமியைச் சோதிக்க வேண்டும்” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அங்கேதான் பிடிப்பேன். நோய்களுக்குக் கிருமிகள் காரணம் என்பதே அன்று ஏற்கப்படவில்லை. அழுகல் நாற்றமுள்ள கெட்ட காற்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். அதே 1854-இல் இத்தாலியில் பிலிப்போ பாச்சினி நுண்ணோக்கியில் காலராக் கிருமியைப் பார்த்து எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. ராபர்ட் கோச் 1884-இல் அதை உறுதிசெய்து சொன்னபோது ஸ்னோ உயிரோடு இல்லை. 1858-லேயே போய்விட்டார். ஆக, கிருமியைப் பார்க்காமலே இதைக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது துணுக்கில் துப்புகள் வரும். பம்புக்குப் பக்கத்திலேயே ஏழைகள் தங்கி வேலை செய்யும் ஒரு விடுதி. அங்கே 535 பேர் இருந்தார்கள், ஐந்து பேர் மட்டுமே இறந்தார்கள். அதே தெருவில் ஒரு பீர் ஆலை. எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவர் கூடச் சாகவில்லை. மறுபக்கம், பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் தனியாக வாழ்ந்த ஒரு விதவை காலராவில் இறந்துபோனார். அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் நோய் இல்லை. இங்கே மறுபடியும் நிறுத்தம்.

“டீச்சர், அந்த அம்மா சோஹோவுக்குப் போய் வந்திருப்பார்.”

“போகவில்லை.”

“யாராவது சொந்தக்காரர் வந்திருப்பார்.”

“வந்தவர் வேறு, அவரைப் பிறகு பார்க்கலாம்.”

கொஞ்ச நேரம் அமைதி. பின்னாலிருந்து ஒரு பெண், மெதுவாக: “அங்கேயிருந்து தண்ணீர் வந்திருந்தால்?”

வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்மணிக்குப் பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் தினமும் ஒரு பெரிய புட்டியில் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்துவிட்டு ஊர் திரும்பி இறந்துபோனார். விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் பம்புப் பக்கமே போகவில்லை. அவர்களுக்கு ஆலையின் பீர் கிடைத்தது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. இதையெல்லாம் நான் சொல்வதில்லை. அவர்கள் ஊகித்த பிறகு துணுக்கின் மீதியைப் போடுவேன், பாட்காஸ்ட்டில் பேசுபவர் சொல்வார். தான் நினைத்ததை வெளியிலிருந்து ஒரு குரல் வந்து உறுதிசெய்யும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். நானே பதில் சொல்லியிருந்தால் “டீச்சருக்கு முன்பே தெரியும்” என்பதோடு முடிந்துபோயிருக்கும்.

அடுத்ததாக வரைபடம். இங்கே ஒலிக்கு வேலை இல்லை என்பதால் ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். தெருக்களும் பம்புகளும் மட்டும் குறித்த தாளைக் கொடுத்து, இறப்புப் பட்டியலைப் பார்த்துப் புள்ளி வைக்கச் சொல்வேன். காது ஒரு வேலை, கண் ஒரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் இரண்டும் கெடும்.

பாடத்தின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதனால்தான் நின்றதா? கடைசித் துணுக்கில் பேசுபவர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார். கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே இறப்புகள் நன்றாகக் குறைந்துவிட்டன. மக்கள் பெருமளவு ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். கைப்பிடியைக் கழற்றியதுதான் நோயை நிறுத்தியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. “அப்படியானால் புத்தகம் தப்பா?” என்பது முதல் கேள்வி. “பரீட்சையில் எதை எழுதுவது?” என்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான கேள்விகள். எதனால் எது நடந்தது என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும் என்ற விவாதத்தை இதிலிருந்து தொடங்கினேன். நானாக அறிவியல் முறை என்று தலைப்பு எழுதி நடத்தியிருந்தால் இப்படி வந்திருக்காது.

பாட்காஸ்ட்டும் தவறு செய்யும் என்பதையும் இந்தப் பாடத்திலேயே காட்டலாம். ஸ்னோ வரைபடம் வரைந்து பார்த்துத்தான் பம்பைக் கண்டுபிடித்தார் என்று சொல்லும் நிகழ்ச்சிகள் ஏராளம். உண்மையில் அந்த வரைபடம் கைப்பிடி கழற்றப்பட்ட பிறகு வரையப்பட்டது. ஏற்கெனவே எட்டிய முடிவை மற்றவர்களுக்கு விளக்கவே அது பயன்பட்டது. கதையாகச் சொல்ல முந்தைய வடிவம் கச்சிதமாக இருக்கிறது, அதனால் பரவிவிட்டது. இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளிலிருந்து இதே நிகழ்வைப் பற்றிய ஒரு நிமிடப் பகுதிகளைப் போட்டு, எங்கே முரண்படுகிறார்கள் என்று கேட்டால் போதும். மூலத்தைத் தேட வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும். நம்பிக்கையூட்டும் குரல், நல்ல பின்னணி இசை, சரளமான பேச்சு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரியவர்களே எதையும் நம்பிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி சிறுவயதிலேயே தேவை.

இனி நடைமுறை. இதில் சலிப்பூட்டும் விஷயங்கள்தான் வகுப்பைக் காப்பாற்றும்.

இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிடாதீர்கள். முன்பே பதிவிறக்கி, அந்தக் கோப்பிலிருந்து போடுங்கள். இணைப்பு துண்டிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் விளம்பரங்கள். இப்போது பல நிகழ்ச்சிகளில் விளம்பரம் நிலையாகப் பதிந்திருப்பதில்லை. கேட்பவருக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகச் செருகப்படுகிறது. நேற்று வீட்டில் கேட்டபோது பன்னிரண்டாவது நிமிடத்தில் இருந்த பகுதி, இன்று வகுப்பில் பதின்மூன்றரையில் இருக்கும். நீங்கள் குறித்துவைத்த நேரமெல்லாம் வீண். போதாதற்கு, பிள்ளைகள் முன்னால் கேட்கக் கூடாத ஏதோ ஒரு விளம்பரம் உரத்த குரலில் வரும். கையில் இருக்கும் கோப்பு மாறாது.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில் யாரும் அக்கறை காட்டுவதில்லை. செல்போனை மேசையில் வைத்துவிட்டு முழுச் சத்தத்தில் ஓடவிட்டால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு வார்த்தை பிடிபடாது. வெற்றுச் சுவர் உள்ள அறைகளில் பேச்சு எதிரொலித்து ஒன்றோடொன்று குழம்பும். சாதாரண அளவுள்ள வகுப்பறையில் ஒலி எதிரொலித்து அடங்கும் நேரம் 0.6 நொடியைத் தாண்டக் கூடாது, பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை ஒன்று சொல்கிறது. பெரும்பாலான வகுப்பறைகள் இதற்குப் பக்கத்தில்கூட வராது. சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வகுப்பின் நடுவில், பிள்ளைகள் தலை உயரத்தில் வைத்து, மின்விசிறி வேகத்தைக் குறைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். முதல் துணுக்கைப் போடும்போது நான் பின்வரிசையில் போய் நின்றுகொள்வேன். அங்கே எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும்.

எழுத்து வடிவம் இல்லாத நிகழ்ச்சியை நான் எடுப்பதில்லை. மிகவும் பிடித்துப்போனால் தேவையான நான்கு நிமிடத்தை மட்டும் நானே எழுதிவிடுவேன். செவித்திறன் குறைந்த பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். உலக அளவில் மறுவாழ்வுச் சேவை தேவைப்படும் அளவுக்குக் காது கேளாத குழந்தைகள் 3 கோடியே 40 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைத் தவிர, ஒரு காதில் மட்டும் குறையுள்ளவர்களும் சளி பிடித்தால் காது அடைத்துக்கொள்பவர்களும் எந்த வகுப்பிலும் இருப்பார்கள், சொல்லமாட்டார்கள். தானாக எழுதித்தரும் மென்பொருள் உதவும், ஆனால் பெயர்களையும் கலைச்சொற்களையும் சிரிப்பு வரும்படி எழுதிவைக்கும். திருத்தாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

அந்தத் தாளை எப்போது கொடுப்பது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவை உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. நிகழ்ச்சியின் மொழி பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாக இருந்தாலும் பார்த்துக்கொண்டே கேட்பது நன்றாக உதவுகிறது. சொந்த மொழியில், சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் முதல் முறை தாள் இல்லாமல் கேட்பதே நல்லது என்பது என் பழக்கம். தாள் கையில் இருந்தால் கண் முந்திக்கொண்டு ஓடிவிடும், குரலில் இருக்கும் தயக்கம் தப்பிப்போகும்.

கேட்கும்போது குறிப்பு எடுக்கச் சொல்லலாமா? ஒரு துணுக்குக்கு மூன்று சொற்கள், அவ்வளவுதான் அனுமதி. வாக்கியம் எழுத ஆரம்பித்தால் அடுத்த வாக்கியம் காதில் விழாது. நிறுத்தியதும் நோட்டை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை இரண்டு நிமிடம் எழுதச் சொல்வேன். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வு, படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்குச் சில நாள் கழித்தும் நன்றாக நினைவிருந்தது என்று காட்டியது. கேட்பதற்கும் இது பொருந்துவதை வகுப்பில் பார்க்கிறேன். பத்துக் கேள்வி கொண்ட வினாத்தாள் கொடுத்து, துணுக்கு முழுவதையும் விடை வேட்டையாக மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. தேதியைப் பிடிப்பதிலேயே காது இருக்கும், கதை போய்விடும். “பேசியவர் எந்த இடத்தில் உறுதியாக இல்லை?” என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முழுவதையும் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வது சுலபம். எல்லோர் வீட்டிலும் அமைதியான மூலையும் தனிப் போனும் இருக்காது. கேட்டதாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் ஒன்றரை மடங்கு வேகத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டிருப்பார்கள். அதனால் பாடத்துக்குத் தேவையானதை வகுப்பிலேயே போடுகிறேன். வீட்டுக்கு அனுப்புவது, கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை என்ற வகையைத்தான். அதைக்கூட நூலகக் கணினியில் போட்டுவைத்துவிடுவேன். கோப்பு பெரிதாக இருந்தால் யாரும் தரவிறக்கமாட்டார்கள். பேச்சு மட்டும்தான் என்றால் எம்பி3 வடிவில், மோனோவாக (ஒரே ஒலித்தடமாக), நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) போதும். பத்து நிமிடம் ஐந்து எம்பிக்குள் அடங்கும்.

உரிமை விஷயத்தையும் கவனிக்க வேண்டும். வகுப்பில் போட்டுக் கேட்பதும், துண்டு துண்டாக வெட்டி வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் ஒன்றல்ல. படைப்பாளரே பகிர அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நிகழ்ச்சிகளிலும் ‘மாற்றம் செய்யக் கூடாது’ என்ற வகை உண்டு. அதில் வெட்டி ஒட்டிய வடிவைப் பகிரக் கூடாது. சந்தேகம் இருந்தால் இணைப்பை மட்டும் கொடுங்கள். நான் சில தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் என்றால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்கிறார்கள்.

கேட்கப் பழகிய வகுப்பு, தானாகவே “நாமும் ஒன்று பதிவுசெய்யலாமா?” என்று கேட்கும். அதற்கு இடம் கொடுங்கள். ஸ்டுடியோ எல்லாம் வேண்டாம், ஒரு செல்போன் போதும். திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உள்ள சிறிய அறையில் எதிரொலி குறைவாக இருக்கும். நூலகத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டோம். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரில் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரலின் அளவு சுமார் 6 டெசிபெல் குறையும், அறையின் சத்தம் அப்படியே இருக்கும். இயற்பியல் ஆசிரியர் இதைத் தன் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார். தொகுக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். இரைச்சலைக் குறைக்கும் வசதி அதில் இருக்கிறது. பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஐந்து விநாடி சும்மா பதிவுசெய்துவைத்தால், எது இரைச்சல் என்று அதற்கு அடையாளம் காட்டலாம்.

பிள்ளைகள் முதலில் செய்வது, கட்டுரை எழுதி அதை ஒப்பிப்பது. கேட்கச் சகிக்காது. எழுதியதைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்துவிட்டு, நான்கைந்து குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் மனிதக் குரல் வெளியே வரும். ஒரு வேடிக்கை: வகுப்பில் ஓயாமல் பேசும் பிள்ளைகள்தான் இதில் திணறுகிறார்கள். தன் பதிவைத் தானே தொகுக்க உட்கார்ந்த ஒரு மாணவன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தான் சொன்ன “வந்து”களை வெட்ட ஆரம்பித்தான். பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “நான் எப்போதுமே இப்படித்தான் பேசுகிறேனா?” என்று கேட்டான். நண்பர்கள் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.

காலரா பாடத்தின் தொடர்ச்சியாக, குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் ஒருவரை மூன்று மாணவிகள் பேட்டி எடுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் கொண்டுவந்த பதிவில் அவர், “இங்கிருந்து போகும் தண்ணீர் பாதுகாப்பானதுதான்” என்று கம்பீரமாகச் சொல்லி முடிக்கிறார். கேட்க நன்றாக இருந்தது. வழக்கப்படி முழுப் பதிவையும் கேட்டேன். அதில் அவர் அந்த வாக்கியத்தோடு நிறுத்தவே இல்லை. “வழியில் குழாய் உடையாத வரைக்கும். உடைந்தால் எங்களுக்கும் உடனே தெரியாது” என்று தொடர்கிறார்.

“இதை ஏன் வெட்டினீர்கள்?”

“நேரம் கூடிவிட்டது, டீச்சர்.”

பொய் சொல்லவில்லை. நேரம் கூடித்தான் போயிருந்தது. இரண்டு வடிவங்களையும் வகுப்பில் போட்டேன். அவர் சொல்லாத எதையும் இதில் சேர்க்கவில்லையே, எப்படித் தவறாகும் என்று ஒருவன் வாதாடினான். சொன்னதை வெட்டினாலும் சொல்லாததைச் சொன்னது போலத்தான் என்று இன்னொருத்தி. அப்படியானால் நாம் கேட்கும் பாட்காஸ்ட்டிலெல்லாம் இப்படி என்னென்ன வெட்டியிருப்பார்கள் என்ற கேள்வி மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு ஆசிரியர் வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மூவரும் வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். ஐந்து நிமிடக் கணக்கைச் சரிக்கட்ட, ஆசை ஆசையாய்த் தேர்ந்தெடுத்த தொடக்க இசையை எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் தரும்போது இப்போது ஒலித் தரத்துக்கு மிகக் கொஞ்சம்தான் ஒதுக்குகிறேன். நல்ல போன் வைத்திருப்பவருக்குச் சாதகமாகிவிடக் கூடாது அல்லவா? பேட்டி கொடுத்தவர் சொன்னதை நேர்மையாகத் தொகுத்தார்களா, ஒரு தகவலையாவது இரண்டு இடத்தில் சரிபார்த்தார்களா என்பதற்குத்தான் பெரும்பங்கு. முழுப் பதிவையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் திருத்துவதில்லை.

பிள்ளைகளின் பதிவுகள் எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, முழுப் பெயர் சொல்லாமல் பதிவுசெய்து, பள்ளிக் கணினியில் மட்டும் வைத்திருக்கிறோம். பேட்டி கொடுத்த பெரியவர்களிடமும் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ஏற்றினால்தானே உலகம் கேட்கும் என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சண்டைக்கு வருகிறார்கள். பதினான்கு வயதில் பேசியது இருபத்து நான்கு வயதிலும் தேடினால் கிடைக்கட்டுமா என்று கேட்டால், சிலர் யோசிக்கிறார்கள், சிலர் கிடைக்கட்டுமே என்கிறார்கள். இப்போதைக்கு அந்தப் பதிவுகளைக் கேட்பவர்கள் அடுத்த ஆண்டு வகுப்பினர்தான். தவறு கண்டுபிடிப்பதில் அவர்கள் என்னைவிடக் கறாரானவர்கள்.